ஃபைல் தேர்வுப் பெட்டி எந்த ஃபோல்டரில் திறக்க வேண்டும்?

எந்த அப்ளிகேஷனாக இருந்தாலும் ஃபைல் மெனுவில் ஓப்பன் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு பெட்டி வரும். அதில் ஃபோல்டர்களும் ஃபைல்களும் வரிசையாகத் தெரியும். வேண்டிய ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஓப்பன் பட்டனை அழுத்துவோம். இதற்கு ஓப்பன் ஃபைல் டயலாக் பாக்ஸ் என்று பெயர். விஷுவல் பேசிக் பழகுகிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே இதைத் தங்கள் ஃபார்மில் சேர்த்துவிடுவார்கள். அது மிகவும் எளிது. ஆனால் அந்தப் பெட்டி திறக்கும்போது எந்த ஃபோல்டர் முதலில் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். "அதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும்" என்ற நினைப்புதான் காரணம்.

விண்டோஸ் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் புரோகிராமுக்குத் தெரிந்த விஷயம் விண்டோஸுக்குத் தெரியாது. திரையில் இப்போது யாருடைய கணக்கு இருக்கிறது, எந்த மாணவரின் விவரம் இருக்கிறது என்பதெல்லாம் புரோகிராமுக்கு மட்டுமே தெரியும். அதைத் தொடக்க ஃபோல்டராகச் சொல்லிவிட்டால் தவறான ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். அதை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

புதுச்சேரியில் இது ஏன் முக்கியம்?

நான் புதுச்சேரியில் சிறு கடைகளுக்கும் வீடுகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். இங்கே ஸ்கேனிங் கடைகளில் நடக்கும் வேலை மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் வித்தியாசமானது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அப்போது இங்கே பிறந்தவர்கள் பலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள 6 மாத கால அவகாசம் தரப்பட்டது. அதனால் இன்றும் ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியக் குடிமகனாகவும் தம்பி வாரிசுகள் பிரெஞ்சுக் குடிமக்களாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் குடும்பங்களில் தாத்தாவின் பிறப்புப் பதிவு, பாட்டியின் திருமணப் பதிவு, ராணுவ ஓய்வூதியக் கடிதம் என்று பழைய பிரெஞ்சுக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். பாஸ்போர்ட், வாரிசுச் சான்று, ஓய்வூதியம் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அவற்றின் நகல் தேவைப்படும். வெளிநாட்டில் நடந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கவனிக்கும் மைய அலுவலகம் 1965 முதல் பிரான்சின் நாந்த் நகரில் இயங்குகிறது. அங்கே அனுப்பும் விண்ணப்பத்தோடு தவறான நகல் போய்விட்டால், அதைச் சரிசெய்யக் கடல் கடந்து கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் பெயர்கள். பிரெஞ்சு வழக்கப்படி 'முருகன்' என்ற பெயரின் 'மு' என்ற எழுத்தை எம், ஓ, யு என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். ஆங்கில வழக்கில் எம், யு என்ற இரண்டே எழுத்து. ஒரே ஆளின் பெயர் இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருக்கும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். உழவர்கரை, ஒழுகரை, உல்கரே ஆகிய மூன்றும் ஒரே இடம். பாண்டிச்சேரி என்று இருந்த அரசுப் பெயர் 2006-ல் புதுச்சேரி என்று மாறியது. ஃபோல்டருக்கு ஒருவர் ஒரு பெயரும், அடுத்தவர் வேறு பெயரும் வைத்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு இடங்கள்.

ஒரு கடையில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்கேனிங் கடையில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒரே மாதிரிப் பெயர்கள். யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமில் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, சான்று சேர் என்ற பட்டனை அழுத்தினால் டயலாக் பாக்ஸ் வரும். ஆனால் அது முந்தைய வாடிக்கையாளரின் ஃபோல்டரில் திறக்கும். கூட்டமான ஒரு நாளில், கடைப் பையன் 'பிறப்பு' என்ற ஃபைலைக் கிளிக் செய்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டான். அது வேறு குடும்பத்தின் பிறப்புப் பதிவு. சில வாரங்கள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

விண்ணப்பித்த அம்மாவுக்கு நாள் போனது ஒரு நஷ்டம். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பெற்றோர் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இன்னொருவர் கைக்குப் போனது அதைவிடப் பெரிய நஷ்டம். கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "பையன் சரியாத்தான் கிளிக் பண்ணான் சார். பிறப்புன்னு இருந்துச்சு, அமுக்கினான். பெட்டி திறந்த இடந்தான் தப்பு." அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்தக் கடைக்கு நான் புதிதாக எழுதிக் கொடுத்த புரோகிராமின் முக்கியப் பகுதிதான் கீழே வருகிறது.

விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது?

முதலில் விண்டோஸின் வழக்கத்தைத் தெரிந்துகொள்வோம். புரோகிராம் எதுவும் சொல்லாவிட்டால், அதே புரோகிராமில் கடைசியாக ஃபைல் எடுத்த ஃபோல்டரை விண்டோஸ் நினைவில் வைத்திருந்து அங்கே திறக்கும். முதல் தடவையாக இருந்தால் பெரும்பாலும் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரில் திறக்கும். கடிதம் எழுதுபவருக்கு இது வசதி. நேற்று திறந்த இடத்திலேயே இன்றும் திறக்கும். ஒரே இருக்கையில் பலருடைய வேலையைப் பார்க்கும் கடைக்கு இதுதான் ஆபத்து.

பழைய விஷுவல் பேசிக் 6-ல் காமன் டயலாக் கண்ட்ரோலின் இனிட்டிர் என்ற பண்பில் தொடக்க ஃபோல்டரைக் கொடுப்போம். விண்டோஸ் 7-க்குப் பிறகு இந்தப் பழைய முறையில் ஒரு விசித்திரம் உண்டு. புரோகிராம் முதல் தடவை கொடுத்த அதே ஃபோல்டரையே மறுபடியும் கொடுத்தால், விண்டோஸ் அதை ஒதுக்கிவிட்டு, பயனர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடத்தில் திறக்கும். "நான் சரியாகத்தான் கொடுத்தேன், விண்டோஸ் எக்ஸ்பியில் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை" என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஷுவல் பேசிக் 6-ன் கண்ட்ரோல்களுக்கு யுனிகோட் தெரியாது. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். அந்த எடிட்டருக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவும் 2008-லேயே முடிந்துவிட்டது. ஆகவே டாட் நெட் முறையில் எழுதுவோம். அதில் தமிழ்ப் பெயர்களுக்குத் தடை இல்லை. விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பு தனிநபர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

செய்முறை

1. விஷுவல் ஸ்டூடியோவைத் திறந்து, விஷுவல் பேசிக் மொழியில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆப் ஒன்றைத் தொடங்குங்கள்.

2. டூல்பாக்ஸிலிருந்து ஒரு லிஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன், ஒரு லேபிள் ஆகியவற்றை ஃபார்மில் வையுங்கள். லிஸ்ட்பாக்ஸில் குடும்ப எண்கள் வரும். பட்டனுக்குச் 'சான்று சேர்' என்று பெயர் கொடுங்கள்.

3. டூல்பாக்ஸில் ஓப்பன்ஃபைல்டயலாக் என்பதை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். அது ஃபார்மில் தெரியாது. கீழே உள்ள பட்டையில் போய் உட்காரும்.

4. டாகுமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'ஆவணங்கள்' என்று ஒரு ஃபோல்டரும், அதற்குள் 0101, 0102, 0103 என்று மூன்று ஃபோல்டர்களும் உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 'பிறப்பு' என்ற பெயரில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டு வையுங்கள். இதே மூன்று எண்களை லிஸ்ட்பாக்ஸின் ஐட்டம்ஸ் பண்பில், வரிக்கு ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத் தலைவரின் பெயருக்குப் பதில் எண் ஏன் என்று கேட்கலாம். மேலே சொன்ன எழுத்து வேறுபாடுதான் காரணம். இதே ஊரில் பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுமார் 11,000 சுவடிகள். ஒரே ஆகமத்துக்குப் பல பிரதிகள் இருக்கும்போது நூலின் பெயரைச் சொல்லி ஒரு கட்டை எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் ஒரே ஒரு கட்டுதான் வரும். நம் ஃபோல்டருக்கும் அதே வழிதான்.

இனி பட்டனை இரண்டு முறை கிளிக் செய்து நிரலை எழுதுங்கள். கட்டளைச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். புள்ளி வைத்ததும் எடிட்டர் காட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் எழுத்துப் பிழை வராது. மூலம், எண், தொடக்கம் ஆகிய மூன்றும் நாம் வைக்கும் மாறிகள். அவற்றுக்கு உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம்.

டிம் எண் ஆஸ் ஸ்டிரிங் = லிஸ்ட்பாக்ஸ்1.டெக்ஸ்ட்

இஃப் எண் = "" தென்

மெசேஜ்பாக்ஸ்.ஷோ("முதலில் குடும்ப எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்")

எக்ஸிட் சப்

எண்ட் இஃப்

இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காமல் பட்டனை அழுத்தினால் எண் என்ற மாறி காலியாக இருக்கும். அதை அடுத்த வரியில் ஃபோல்டர் முகவரியோடு சேர்த்தால் 'ஆவணங்கள்' என்ற மேல் ஃபோல்டரின் முகவரியே கிடைக்கும். அந்த ஃபோல்டர் உண்மையிலேயே இருப்பதால் எந்தப் பிழையும் வராது. எல்லாக் குடும்பங்களும் கடை விரித்தது போலத் தெரியும். நாம் தவிர்க்க நினைத்ததே அதுதான்.

டிம் மூலம் ஆஸ் ஸ்டிரிங் = ஐஓ.பாத்.கம்பைன்(என்விரான்மெண்ட்.கெட்ஃபோல்டர்பாத்(என்விரான்மெண்ட்.ஸ்பெஷல்ஃபோல்டர்.மைடாகுமெண்ட்ஸ்), "ஆவணங்கள்")

டிம் தொடக்கம் ஆஸ் ஸ்டிரிங் = ஐஓ.பாத்.கம்பைன்(மூலம், எண்)

முதல் வரி, இந்தக் கம்ப்யூட்டரில் டாகுமெண்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று விண்டோஸிடமே கேட்டு, அதோடு 'ஆவணங்கள்' என்பதைச் சேர்க்கிறது. இரண்டாவது வரி குடும்ப எண்ணைச் சேர்க்கிறது. கம்பைன் என்ற கட்டளை நடுவில் வரவேண்டிய சாய்கோட்டைத் தானே போட்டுக்கொள்ளும்.

இஃப் நாட் ஐஓ.டைரக்டரி.எக்ஸிஸ்ட்ஸ்(தொடக்கம்) தென்

மெசேஜ்பாக்ஸ்.ஷோ(தொடக்கம் & " என்ற ஃபோல்டர் இல்லை")

எக்ஸிட் சப்

எண்ட் இஃப்

ஓப்பன்ஃபைல்டயலாக்1.இனிஷியல்டைரக்டரி = தொடக்கம்

ஓப்பன்ஃபைல்டயலாக்1.ஃபைல்நேம் = ""

ஓப்பன்ஃபைல்டயலாக்1.டைட்டில் = "குடும்ப எண் " & எண்

ஓப்பன்ஃபைல்டயலாக்1.ரீஸ்டோர்டைரக்டரி = ட்ரூ

இஃப் ஓப்பன்ஃபைல்டயலாக்1.ஷோடயலாக்() = டயலாக்ரிசல்ட்.ஓகே தென்

லேபிள்1.டெக்ஸ்ட் = ஓப்பன்ஃபைல்டயலாக்1.ஃபைல்நேம்

எண்ட் இஃப்

எஃப்5 விசையை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். 0102 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தினால் பெட்டி நேராக 0102 ஃபோல்டரில் திறக்கும். பிறகு 0103-ஐத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். அங்கே திறக்கும். முந்தைய குடும்பத்தின் ஃபைல்கள் கண்ணில் படாது. இனி ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பார்ப்போம்.

ஃபோல்டர் இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்?

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியல்டைரக்டரியில் இல்லாத ஃபோல்டரைக் கொடுத்தால் டாட் நெட் எந்தப் பிழைச் செய்தியும் தராது. சத்தமில்லாமல் அதை ஒதுக்கிவிட்டு, விண்டோஸின் வழக்கமான இடத்தில், அதாவது கடைசியாகப் பயன்படுத்திய ஃபோல்டரில் திறக்கும். புரோகிராம் எழுதியவர் சோதித்தபோது ஃபோல்டர் இருந்திருக்கும். பிறகு யாராவது அதன் பெயரை மாற்றியிருப்பார்கள். அன்று முதல் பெட்டி தவறான குடும்பத்தில் திறக்கும். யாருக்கும் தெரியாது.

பிழைச் செய்தி வந்தால் வேலை நிற்கும், நாம் கவனிப்போம். செய்தி வராத பிழைதான் விண்ணப்பம் திரும்பி வரும் வரை ஒளிந்திருக்கும். அதனால்தான் டைரக்டரி.எக்ஸிஸ்ட்ஸ் என்று முதலில் கேட்கிறோம். இல்லையென்றால் வேறு எங்காவது திறப்பதைவிட, நின்று சொல்லிவிடுவது நல்லது.

முகவரியை நேரடியாக எழுதாதீர்கள்

பலர் சி டிரைவிலிருந்து தொடங்கி முழு முகவரியையும் நிரலுக்குள் எழுதிவிடுவார்கள். அது எழுதியவரின் கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை செய்யும். காரணங்களைப் பாருங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் பயனரின் ஃபைல்கள் 'டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் மை டாகுமெண்ட்ஸ் என்ற பெயரில் இருந்தன. விஸ்டாவிலிருந்து அவை 'யூஸர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் டாகுமெண்ட்ஸ் என்று மாறின. இப்போது ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கியிருந்தால் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும்.

புதுச்சேரியில் இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சிலிருந்து வரும் உறவினர்கள் கொடுத்துவிட்டுப் போகும் லேப்டாப்களில் பிரெஞ்சு விண்டோஸ் இருக்கும். பிரெஞ்சு எக்ஸ்பியில் மை டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரின் பெயர் 'மே டாகுமான்', டெஸ்க்டாப்பின் பெயர் 'பியூரோ'. ஆங்கிலப் பெயரை நிரலில் எழுதியிருந்தால் அங்கே கிடைக்காது. விஸ்டாவுக்குப் பிந்தைய பிரெஞ்சு விண்டோஸில் திரையில் பியூரோ என்று தெரிந்தாலும், உள்ளே உண்மையான பெயர் டெஸ்க்டாப்தான். ஆகவே எக்ஸ்ப்ளோரரில் பார்த்த பெயரை அப்படியே நிரலில் எழுதினாலும் தவறாகிவிடும். அந்த லேப்டாப்களின் அஸெர்ட்டி கீபோர்டில் சாய்கோடு போடவே ஆல்ட்ஜிஆர் விசையோடு 8-ஐ அழுத்த வேண்டும். முகவரியைக் கையால் அடிப்பது எவ்வளவு தொல்லை என்று அப்போது தெரியும்.

பென் டிரைவும் அப்படித்தான். நேற்று இ டிரைவாக வந்தது இன்று எஃப் டிரைவாக வரலாம்.

கெட்ஃபோல்டர்பாத் மூலம் விண்டோஸிடமே கேட்டால் இந்த எல்லாச் சூழ்நிலையிலும் சரியான விடை கிடைக்கும். ஆவணங்கள் டாகுமெண்ட்ஸில் இல்லாமல் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்குமானால், ஃபோல்டர்பிரவுசர்டயலாக் மூலம் ஒரு தடவை அந்த இடத்தைப் பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, மை.செட்டிங்ஸ் பகுதியில் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அங்கிருந்து எடுத்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பழைய பெயரும் பழைய இடமும்

ஃபைல்நேம் பண்பை ஏன் காலியாக்கினோம்? ஃபார்மில் இருக்கும் டயலாக் ஒன்றுதான். அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். முந்தைய தடவை தேர்ந்தெடுத்த ஃபைலின் முழு முகவரி ஃபைல்நேம் பண்பில் அப்படியே இருக்கும். அடுத்த தடவை பெட்டி திறக்கும்போது அது பெயர்க் கட்டத்தில் வந்து நிற்கும். தொடக்க ஃபோல்டரைச் சரியாகக் கொடுத்தும், பெயர்க் கட்டத்தில் பழைய குடும்பத்தின் ஃபைல் காத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? அவசரத்தில் என்டர் விசையை அழுத்தினால் போதும், கடையில் நடந்ததே மறுபடி நடக்கும்.

ரீஸ்டோர்டைரக்டரி வேறு ஒரு காரணத்துக்காக. ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'நடப்பு ஃபோல்டர்' என்று ஒன்று உண்டு. முழு முகவரி இல்லாமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்து ஒரு ஃபைலைத் திறந்தால் அந்த ஃபோல்டரில்தான் தேடப்படும். டயலாக் பாக்ஸில் பயனர் வேறு ஃபோல்டருக்குப் போனால் நடப்பு ஃபோல்டரும் மாறிவிடலாம். பிறகு விலைப்பட்டியலோ டேட்டாபேஸோ கிடைக்கவில்லை என்று புரோகிராம் புலம்பும். இந்தப் பண்பை ட்ரூ என்று வைத்தால் பெட்டி மூடும்போது பழைய இடம் திரும்பும். தானாக இருக்கும் மதிப்பு ஃபால்ஸ் என்பதால் நாம்தான் மாற்ற வேண்டும்.

தொடக்க ஃபோல்டர் பூட்டு அல்ல

தொடக்க ஃபோல்டரைக் கொடுத்துவிட்டால் பயனர் வேறு இடத்துக்குப் போக முடியாது என்று நினைக்காதீர்கள். அது வாசல்தான். உள்ளே வந்தவர் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆகவே தேர்வு முடிந்ததும் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. லேபிளில் எழுதும் வரிக்கு முன்னால் இதைச் சேருங்கள்.

இஃப் ஐஓ.பாத்.கெட்டைரக்டரிநேம்(ஓப்பன்ஃபைல்டயலாக்1.ஃபைல்நேம்) <> தொடக்கம் தென்

இஃப் மெசேஜ்பாக்ஸ்(எம்எஸ்ஜிபாக்ஸ்)("இது வேறு ஃபோல்டரில் உள்ள ஃபைல். சேர்க்கலாமா?", எம்எஸ்ஜிபாக்ஸ்ஸ்டைல்.யெஸ்நோ) = எம்எஸ்ஜிபாக்ஸ்ரிசல்ட்.நோ தென் எக்ஸிட் சப்

எண்ட் இஃப்

இரண்டாவது வரியில் அடிக்க வேண்டியது எம்எஸ்ஜிபாக்ஸ் என்ற சொல்லை மட்டும்தான். ஆம், இல்லை என்று விடை கேட்கும் செய்திப் பெட்டிக்கு அதுவே சுருக்கமான வழி. சில சமயம் வேண்டுமென்றே வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கலாம். அதனால் தடுக்காமல் கேள்வி மட்டும் கேட்கிறோம். லேபிளில் முழு முகவரியும் தெரிவதால் பயனர் இன்னொரு தடவையும் பார்த்துக்கொள்வார்.

எப்போது கொடுக்கக் கூடாது?

எல்லா இடத்திலும் தொடக்க ஃபோல்டரைக் கொடுக்கத் தேவையில்லை. படம் பார்க்கும் புரோகிராம், கடிதம் எழுதும் புரோகிராம் போன்றவற்றில் பயனர் கடைசியாக இருந்த இடமே அவருக்கு வசதி. அங்கே ஒவ்வொரு தடவையும் டாகுமெண்ட்ஸுக்கே இழுத்துக்கொண்டு போனால் எரிச்சல்தான் வரும். குறிப்பான காரணம் இல்லாமல் விண்டோஸின் நினைவை மீற வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டும் புரோகிராமர்களுக்குச் சொல்கிறது. நான் வைத்திருக்கும் விதி இதுதான்: எந்த ஃபோல்டர் என்று புரோகிராமுக்கு உறுதியாகத் தெரிந்தால் கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால் விண்டோஸிடம் விட்டுவிட வேண்டும்.

ஒரே புரோகிராமில் இரண்டு வகைத் தேர்வு இருந்தால், உதாரணமாக ஸ்கேன் செய்த படத்தை எடுப்பது, எக்ஸெல் பட்டியலை எடுப்பது என்று இருந்தால், ஒன்றின் நினைவு மற்றொன்றைக் குழப்பும். டாட் நெட் 5 முதல் கிளையண்ட்கைட் என்ற பண்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு டயலாக்குக்கும் வெவ்வேறு அடையாள எண் கொடுத்தால் விண்டோஸ் அவற்றின் கடைசி ஃபோல்டரைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

மற்ற மொழிகளில்

எக்ஸெல் மேக்ரோ எழுதுகிறவர்கள் ஃபைல்டயலாக்கின் இனிஷியல்ஃபைல்நேம் என்ற பண்பில் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஃபோல்டரின் பெயரை ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ள ஃபோல்டரில் திறக்கும். கெட்ஓப்பன்ஃபைல்நேம் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் சிஎச்டிர் கொடுப்பார்கள். அது ஃபோல்டரை மாற்றும், டிரைவை மாற்றாது. டி டிரைவில் வேண்டுமென்றால் அதற்கு முன் சிஎச்டிரைவ் கட்டளையும் தேவை.

பைதானில் டிகேஇன்டர் நூலகத்தின் ஆஸ்க்ஓப்பன்ஃபைல்நேம் கட்டளைக்கு இனிஷியல்டிர் என்று கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் லினக்ஸில் நடப்பு ஃபோல்டரில் திறக்கும். விண்டோஸில் கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடத்தில் திறக்கும். ஒரே நிரல் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுதான் காரணம். ஜாவாவில் ஜேஃபைல்சூசரின் செட்கரண்ட்டைரக்டரி இதே வேலையைச் செய்யும்.

இணையப் பக்கத்தில் வரும் சாதாரண ஃபைல் தேர்வுப் பட்டனுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று ஓர் இணையதளம் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் பிரவுசர் முழு முகவரியைக்கூட அந்தப் பக்கத்துக்குச் சொல்லாது. குரோம், எட்ஜ் பிரவுசர்களில் உள்ள ஷோஓப்பன்ஃபைல்பிக்கர் என்ற புதிய கட்டளையில் ஸ்டார்ட்இன் மூலம் டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் போன்ற பொதுவான இடங்களைச் சொல்லலாம். பயனர் ஏற்கெனவே அனுமதி தந்த ஃபோல்டரையும் சொல்லலாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் சான்றிதழைப் பதிவேற்றும்போது பெட்டி எங்கே திறந்திருக்கிறது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதித்துப் பாருங்கள்

புரோகிராமை யாருக்காவது கொடுப்பதற்கு முன் இந்த 5 சோதனைகளைச் செய்யுங்கள்.

1. 0101-ல் ஒரு ஃபைலை எடுத்தபின் 0102-க்கு மாறிப் பட்டனை அழுத்துங்கள். பெட்டி 0102-ல் திறக்க வேண்டும். பெயர்க் கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

2. 0103 ஃபோல்டரின் பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றிவிட்டு அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டர் இல்லை என்ற செய்தி வர வேண்டும். பெட்டி திறக்கக் கூடாது.

3. எந்த எண்ணையும் தேர்ந்தெடுக்காமல் பட்டனை அழுத்துங்கள்.

4. பெட்டியில் டெஸ்க்டாப்புக்குப் போய் ஏதாவது ஒரு ஃபைலை எடுங்கள். வேறு ஃபோல்டர் என்ற கேள்வி வர வேண்டும்.

5. புரோகிராமை வேறு பயனர் கணக்கிலோ, வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ ஓட்டிப் பாருங்கள். பிரெஞ்சு விண்டோஸ் உள்ள லேப்டாப் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்ததில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. மொத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தது இருபது வரிக்குள்தான். அந்த இருபது வரிகள் ஒரு குடும்பத்தின் காகிதத்தை இன்னொரு குடும்பத்திடம் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் புரோகிராம்களில் ஷோடயலாக் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும், பெட்டி எங்கே திறக்க வேண்டும் என்று அந்தப் புரோகிராமுக்குத் தெரியுமா என்று யோசியுங்கள். தெரியுமென்றால் மேலே ஒரு வரியும், அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்ற சோதனையும் சேர்த்துவிடுங்கள்.